எல்.கே.ஜி. கட்டணமும் அரசு உதவியும்: எல்லாம் சரி, அந்த ரசீது?

சித்திரை பிறந்ததும் நெல்லையில் வெயிலோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்துவிடும். "அண்ணாச்சி, எல்.கே.ஜி.க்கு கவர்மெண்டு பணம் குடுக்குதாமே, எப்படி வாங்குறது?" முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். பணம் யார் கைக்கும் வராது. ஒன்று, பள்ளிக்குப் போகும். இல்லையென்றால் நாம் கட்டும் வரியில் குறையும். மத்திய அரசு ஊழியருக்கு மட்டும் படியாகச் சம்பளத்தில் வரும். மூன்றில் எந்த வழியில் போனாலும், கட்டிய பணத்தைக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். என்னுடைய முழு எரிச்சலும் அந்தக் காகிதத்தின் மேல்தான்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடத்தை, அதாவது ஊரில் எல்லோரும் ஆர்.டி.இ. என்று சொல்வதை, பல வருடமாகக் கவனித்தவர்களுக்கு அதன் நல்லதும் தெரியும், கோணலும் தெரியும். நல்லது பெரிது: எல்.கே.ஜி.யில் இடம் கிடைத்தால் எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் கிடையாது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு வருமான வரம்பு இல்லை. சாதிச் சான்றிதழ் போதும். மற்றவர்களுக்குத்தான் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்ற கணக்கு. இது தெரியாமல், "நமக்குச் சம்பளம் கூட, கிடைக்காது" என்று விட்டவர்கள் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் நிறையப் பேர்.

ப்ரீ கே.ஜி.க்கு இது கிடையாது. தமிழ்நாட்டில் ஆர்.டி.இ. எல்.கே.ஜி.யில்தான் தொடங்குகிறது. ஜூலை 31 அன்று பிள்ளைக்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். இரண்டரை வயதில் சேர்ப்பதற்குக் கட்டுவது முழுக்க நம் பணம்.

கோணல் இனிமேல்தான். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று கல்லெறிந்தால் அடுத்த பள்ளிக்கூடத்தில் விழும். ஆனால் அவற்றில் நிறைய சிறுபான்மையினர் நடத்துபவை. 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆர்.டி.இ.க்கு வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிதான் கணக்கு. அதற்குள் நாலு பள்ளி இருக்கிறதே என்று நம்பி உட்கார்ந்தால், ஆர்.டி.இ. பட்டியலில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். பள்ளியின் பெயரை முதலில் பட்டியலில் பார்த்துவிட்டு, பிறகு சான்றிதழுக்கு அலையுங்கள்.

அந்த ஒரு கிலோமீட்டர் இன்னொரு இடத்திலும் கடிக்கும். அம்பையிலிருந்தோ நாங்குநேரியிலிருந்தோ வந்து பெருமாள்புரத்தில் வாடகைக்கு இருப்பவரின் ஆதாரில் ஊர் முகவரிதான் இருக்கும். விண்ணப்பத்தில் போட்ட வீடு ஓரிடம், சான்று காட்டும் வீடு வேறிடம் என்றால் தள்ளிவிடுவார்கள். முகவரி மாற்றத்தைத் தை மாதத்திலேயே முடித்துவிடுவது நல்லது. பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். ஆஸ்பத்திரியில் பதிந்ததோடு விட்டிருந்தால் பெயர் இடம் காலியாகத்தான் இருக்கும். பிறந்து ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் இலவசம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம். வருமானச் சான்று தேவைப்படுபவர்கள் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். கடைசி வாரத்தில் கூட்டம் தாங்காது.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஆதரவற்ற பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், தூய்மைப் பணியாளரின் பிள்ளைகள் போன்றவர்களுக்குக் குலுக்கல் இல்லாமல் முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றை விண்ணப்பத்தோடு சேர்க்காமல், குலுக்கல் அன்று கையில் கொண்டுபோய் நீட்டினால் பலிக்காது.

இடம் கிடைத்த பிறகு ஆரம்பிக்கும் கூத்துதான் பெரிய கூத்து. கல்விக் கட்டணம் இல்லை, சரி. புத்தகம், சீருடை, "ஆக்டிவிட்டி", ஸ்மார்ட் கிளாஸ், வேன் என்று ஒரு தொகை வரும். புத்தகம், சீருடைச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் கவுண்டரில் கேட்பது கேட்டபடிதான். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்தால் அது வேனுக்குப் போய்விடும். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிப்போட்டு "பள்ளிக் கட்டணம்" என்று ஒற்றை வரியில் கிழித்துத் தரும் ரசீது. சில இடங்களில் அதுவும் இல்லை. "அப்புறம் வாங்கிக்கிடுங்க" என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராது.

ரசீதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2025-ஐ நினைத்துப் பாருங்கள். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்ததால் ஏப்ரல், மே முழுக்க ஆர்.டி.இ. விண்ணப்பம் திறக்கவே இல்லை. பெற்றோர் பணம் கட்டித்தான் பிள்ளையைச் சேர்த்தார்கள். அக்டோபரில் திறந்தபோது, ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகளிலிருந்தே தேர்வு. தேர்வானவர்களுக்குக் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் உத்தரவு. இந்த மாதிரி நேரத்தில் தலைப்பு வாரியாகப் பிரித்த ரசீது வைத்திருப்பவர் கையை நீட்டிக் கேட்கலாம். ஒற்றை வரி ரசீதுக்காரர் எது கல்விக் கட்டணம், எது சீருடை என்று வாதாடிக்கொண்டு நிற்க வேண்டும்.

பள்ளிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஒரு பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் ஆகும் செலவு, அந்தப் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் அரசு தரும். அதுவும் நேரத்துக்கு வராது. ஆசிரியர் சம்பளம் மாதாமாதம் கொடுத்தாக வேண்டும். சின்னப் பள்ளிகள் மூச்சுமுட்டுவது உண்மை. அதற்காக ரசீதை மறைப்பானேன்?

கேட்கும் தொகை சரிதானா என்று பார்க்கவும் வழி உண்டு. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்பு வாரியாகத் தொகை வைத்திருக்கிறது. ஒரு முறை நிர்ணயித்தால் மூன்று வருடம் செல்லும். அதன் இணையதளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பள்ளி பெயரைப் பார்க்கலாம். அதை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தால் பேச்சின் தொனியே மாறும். நன்கொடை கேட்பது கல்வி உரிமைச் சட்டப்படியே குற்றம், வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். நர்சரிப் பள்ளிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் அந்த வரி இருந்தால் உடனே கேளுங்கள்.

வரிச் சலுகைக்கும் இதே ரசீதுதான். 80சி என்று பழகிப்போன கழிவில் ப்ளே ஸ்கூல், நர்சரிக் கட்டணமும் சேரும். இரண்டு பிள்ளைகள் வரை, பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள். கல்விக் கட்டணம் மட்டும்தான் கணக்கு. வளர்ச்சி நிதி, நன்கொடை, வேன் சேராது. ஒற்றை வரி ரசீதைக் காட்டினால் அலுவலகக் கணக்கர் திருப்பிவிடுவார். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இந்தப் பேச்சு. புதிய முறைக்கு மாறியவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மத்திய அரசு ஊழியருக்கு மாதம் 2,812.50 ரூபாய் கல்விப் படி உண்டு. அதற்குப் பள்ளித் தலைமையின் சான்று வேண்டும்.

பீடி சுற்றும் வீடுகளில் அடிக்கடி கேட்பார்கள்: தொழிலாளர் நலத்துறை உதவித்தொகை எல்.கே.ஜி.க்கு வருமா? வராது. முதல் வகுப்பிலிருந்துதான். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் சட்டம் வந்தது. கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை பார்க்கும் பெண்கள் இதை எழுத்தில் கேட்கலாம். வீட்டிலேயே இலை நறுக்கிச் சுற்றுகிறவளுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்?

அவளுக்கு இருப்பது அங்கன்வாடி. சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனால் இத்தனையிலும் எதிர்பாராமல் பிடித்துப்போனது அதுதான். விண்ணப்பம் இல்லை, குலுக்கல் இல்லை, ரசீதே இல்லை. இரண்டு வயதிலிருந்து சேர்க்கலாம். சூடான சாப்பாடு, வாரம் மூன்று முட்டை, எடை பார்ப்பது, ஊசி நாள் நினைவூட்டல். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பும் தொடங்கினார்கள். உங்கள் தெருவுக்கு அருகே அப்படி ஒன்று இருக்கிறதா என்று பணியாளர் அக்காவிடமே கேட்கலாம். குறை ஒன்றுதான்: மாலை நான்கு மணிக்கு மேல் அங்கே ஆள் கிடையாது. ஆறு மணிக்கு வேலை முடியும் தாய்க்கு அது பெரிய குறைதான்.

கணக்குப் பார்த்தால் அங்கன்வாடிக்குத்தான் முதல் இடம். இவ்வளவு சொல்லிவிட்டு நானே சொல்கிறேன், ஆர்.டி.இ. விண்ணப்பம் போடாமல் விடாதீர்கள். எட்டாம் வகுப்பு வரைக்குமான கட்டணம் சின்னத் தொகையா? திட்டிக்கொண்டே போடுங்கள். பணம் கட்டினால் தலைப்பு பிரித்த ரசீது வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். பில் மெஷினில் வரும் வழவழப்பான தாள் என்றால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அடுத்த வெயில் வருவதற்குள் அதில் ஓர் எழுத்து மிஞ்சாது.