பட்டாணி விதைக்க மண் தயாரா? மண் வெப்பமானியுடன் என் அனுபவம்

டொரொண்டோ நகரின் கிழக்கே ஸ்காபரோவில், வீட்டுக் கொல்லையில் பல ஆண்டுகளாகப் பட்டாணி போட்டு வருகிறேன். பனி உருகித் தரை கண்ணில் பட்டதுமே கை பரபரக்கும். இன்றே விதைக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் மண் வெப்பமானி வாங்கினேன்.

ஒரு சாண் நீள எஃகுக் கம்பி, அதன் தலையில் வட்ட முகப்பு, உள்ளே ஒரு முள். பாட்டரி கிடையாது. பருவம் தொடங்கும்போது ஐஸ் கட்டிகள் நிறைந்த தண்ணீரில் வைத்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். விலகியிருந்தால் முகப்பின் அடியிலுள்ள திருகால் சரிசெய்துவிடலாம். ஈரம் புகுந்து கண்ணாடி மங்குவது ஒன்றுதான் குறை.

இங்கே மார்ச் 17, புனித பாட்ரிக் தினத்தன்று பட்டாணி போட வேண்டும் என்பவர்கள் உண்டு. அது அமெரிக்காவின் மிதமான பகுதிகளுக்குப் பொருந்தும். எங்கள் கொல்லையில் அந்த வாரம் மண் பெரும்பாலும் உறைந்தே கிடக்கும். பெரிய வெள்ளியைக் கணக்கு வைப்பதும் சரிவராது. ஈஸ்டர் ஞாயிறே மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் வரலாம்.

மண்ணின் சூடு சொல்லும் கணக்கு வேறு. 5 டிகிரி செல்சியஸில் பட்டாணி முளைக்கும், ஆனால் வெளியே தலைகாட்ட ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். 10 டிகிரியில் இரண்டு வாரம் போதும். 15 டிகிரியில் ஒன்பது நாள். அதாவது, இரண்டு வாரம் பொறுத்து விதைத்தவர் அவசரப்பட்டவரை எளிதாக எட்டிப் பிடித்துவிடுவார். குளிர்ந்த சேற்றில் வாரக்கணக்கில் கிடக்கும் விதையைப் பித்தியம் போன்ற அழுகல் நோய்க் கிருமிகள் விடாது. இனிப்பு ரகங்களின் சுருங்கிய விதைக்கு இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் ஊறும்போது அதிலிருந்து சர்க்கரை கசிந்து கிருமிகளுக்குத் தீனியாகிறது. மரபியலின் முன்னோடியான மெண்டல் தம் பட்டாணி ஆய்வில் பிரித்துப் பார்த்த உருண்டை விதை, சுருங்கிய விதை என்ற அதே வேறுபாடுதான் இது. உருண்டை விதை குளிரைக் கூடுதலாகத் தாங்கும்.

காலை எட்டு மணி வாக்கில், விதை விழும் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் கம்பியைச் செருகுகிறேன். மதிய வெயிலில் அளந்தால் மேல்மண்ணின் சூடு நம்மை ஏய்த்துவிடும். நாலைந்து காலைகள் தொடர்ந்து 7 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் விதைக்கத் துணியலாம். பெரும்பாலும் அது ஏப்ரல் நடுவில் அமைகிறது. பலகை அடித்து உயர்த்திய பாத்தி, ஈரம் வடிந்து, தரைப் பாத்திக்கு முன்பே தயாராகிவிடும்.

ஆனால் வெப்பமானிக்கு ஈரம் தெரியாது. எங்கள் களிமண்ணில் சூட்டைவிட ஈரமே பெரிய விஷயம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பிடி மண்ணை இறுக்கி உருட்டி, கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் விதைக்கலாம். கொழுக்கட்டை மாவுபோல் பள்ளம் விழுந்து அப்படியே நின்றால், முள் 10 டிகிரியைக் காட்டினாலும் பாத்தியில் கால் வைக்கவே கூடாது. மிதித்த ஈரக் களிமண் இறுகி, அந்தப் பருவம் முழுவதும் வேருக்கு வழிவிடாது.

முளைத்த பிறகு வரும் உறைபனிக்கு அஞ்ச வேண்டியதில்லை. இளஞ்செடி மேல் ஏப்ரல் பனி படிந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். பூவும் பிஞ்சும்தான் தாங்காது. மே மாதப் பிற்பகுதியில் வரும் கனடிய விடுமுறையான விக்டோரியா தினம் வரை காத்திருப்பது தக்காளிக்கு உரிய வழக்கம். பட்டாணிக்கு அவ்வளவு தாமதித்தால் பூக்கும் காலம் கோடையில் சிக்கிக்கொள்ளும். 27 டிகிரியைத் தாண்டிய வெயில் நீடித்தால் பூக்கள் உதிரும். 1979இல் அறிமுகமான ‘சுகர் ஸ்நாப்’ எனக்குப் பிடித்த ரகம். ஆறடிக்கு ஏறும் அந்தக் கொடி காய்க்க இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதால், மே முதல் வாரத்துக்குப் பிறகு நான் அதை விதைப்பதில்லை.

பட்டாணிக்காக மட்டும் இதை வாங்க வேண்டுமா என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். பீன்ஸ் விதைக்க மண் 16 டிகிரியாவது இருக்க வேண்டும், வெண்டைக்கு 20 டிகிரிக்கு மேல் வேண்டும். இந்த ஊரில் வெண்டை போட விரும்புகிறவருக்கு இந்தக் கருவி பட்டாணியைவிட இன்னும் அதிகமாக உதவும்.