சங்ககிரிக் கோட்டையும் ஜிபே இல்லாத நானும்

டொராண்டோவிலிருந்து வந்து ஒன்பது நாள். ஆடி 18க்குள் சங்ககிரி மலை ஏறிவிட ஆசை. அன்றைக்கென்றால் தீரன் சின்னமலைக்கு மாலை போட வரும் கூட்டத்தில் நிற்க இடமிருக்காது. 1805இல் அவரைத் தூக்கிலிட்டது இங்கேதான்.

முந்தின நாளே சொல்லி வைத்த வாடகைக் கார் காலை ஆறுக்கு வர வேண்டியது. ஏழு வரை "கெளம்பிட்டங்க்கா", அப்புறம் போனையே எடுக்கவில்லை. சித்தப்பா மகளும் நானும் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஈரோடு பஸ் ஏறினோம். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டியதும் கண்டக்டர் முகம் மாறியது. "இப்பத்தாம்மா வண்டி எடுத்திருக்குது, சில்லறைக்கு எங்க போவேன்?" மீதியை டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதித் தந்தார். நான் மறந்துபோய் இறங்கிவிட்டேன். ஜன்னல் வழியே கூப்பிட்டுக் கையில் திணித்தார்!

விஜயநகரக் காலத்துக் கோட்டை. பிறகு திப்பு சுல்தான், அப்புறம் வெள்ளைக்காரர்கள். ஒரு வாசலைத் தாண்டி 'அப்பாடா' என்றால் தலைக்கு மேலே அடுத்த மதில் நிற்கும். மூன்றாவது வாசலோடு எண்ணுவதை விட்டேன். எதிரி படைக்கும் முட்டிதான் முதலில் போயிருக்கும். உச்சியில் சென்னகேசவப் பெருமாள் கோயில். ஆடிக்காற்று துப்பட்டாவை முகத்தோடு சுற்றிக் கட்டியது. கீழே ஊர் முழுக்க லாரிகள். பட்டறைகளில் பாடி கட்டும் டங்டங் சத்தம் பாதி மலை வரை கூடவே வந்தது.

போகிறவர்கள் தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர். மேலே சுனை உண்டு, குடிக்க முடியாது. கடையும் கண்ணில் படவில்லை. வெயிலுக்கு முன் இறங்கிவிடுவது நல்லது. நாங்கள் காரால் தாமதித்து, பாறைச் சூட்டில் வெந்துதான் இறங்கினோம்.

அடிவாரத்தில் மோர்ப் பானையோடு ஒரு பாட்டி. பெருங்காயம், கொத்தமல்லி, நசுக்கிப் போட்ட பச்சை மிளகாய். ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம். மறுபடி ஐந்நூறை எடுத்தேன். பாட்டி குடைக் கம்பியில் தொங்கிய அட்டையைக் காட்டி, "ஜிபே பண்ணிருங்க அம்முணி" என்றார். என் கனடா கார்டு அங்கே வெறும் பிளாஸ்டிக். தங்கைதான் போனை நீட்டினாள். பெட்டி கணீரென்று தொகையைச் சொன்னது.

"எந்த ஊருங்க அம்முணி?"

"கனடாங்க."

பாட்டி டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "அங்கெல்லாம் இன்னும் ஜிபே வரலீங்களா?"