அகலக்கால் வைத்தது யார்? கூகுளா, ஜோஹோவா: ஒரு பலகாரக் கடையின் கணக்கு

கோட்டையூரில் ஆச்சி பலகாரம் போட்டு விற்கிறார். எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் உண்டு. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கானாடுகாத்தான் பக்கத்து விடுதிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, கடைப் பெயரில் மின்னஞ்சலும் ஜிஎஸ்டி பில் போட ஒரு மென்பொருளும் தேவைப்பட்டன. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கடைசியில் நின்றவை இரண்டு: கூகுள் காசுக்குத் தரும் அலுவலகத் தொகுப்பான வொர்க்ஸ்பேஸ், தமிழ்நாட்டு மென்பொருள் நிறுவனமான ஜோஹோ.

தெரிந்த சங்கதிகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். விலையில் ஜோஹோ குறைவு. பழைய கடிதத்தைத் தேடி எடுப்பதிலும் குப்பைக் கடிதங்களை வடிகட்டுவதிலும் ஜிமெயில்தான் கெட்டி. நாலு பேர் ஒரே நேரத்தில் ஒரு தாளில் எழுதுவதென்றாலும் கூகுள்தான். கணக்கு மென்பொருள் கூகுளிடம் கிடையாது, ஜோஹோவில் புக்ஸ் என்று ஒன்று உண்டு. இதை மட்டும் வைத்து முடிவு செய்வதென்றால், கூகுளில் மின்னஞ்சல், டேலியில் கணக்கு என்று போயிருப்பேன். எங்கள் ஆடிட்டரும் அதைத்தான் சொன்னார்.

என்னை நிறுத்தியது வேறு ஒரு கேள்வி. நாம் குடியேறப் போகும் வீட்டுக்காரருக்கு எத்தனை சண்டை? அவற்றுக்கு நடுவே நம் அறையைக் கூட்டிப் பெருக்க அவருக்கு நேரம் இருக்குமா?

கூகுளின் சண்டைகளை எண்ணிப் பார்த்தேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து அதன் தாய்வீடான தேடலிலேயே போட்டி. அவசரமாக 2023-இல் பார்டு என்ற செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலி வந்தது, அடுத்த ஆண்டே அது ஜெமினி ஆனது. மேகக் கணிமையில் அமேசானும் மைக்ரோசாஃப்டும் முன்னால் போகின்றன. யூடியூபுக்கு எதிரே டிக்டாக். போனில் ஆப்பிள் எதிரி, ஆனால் ஆப்பிளின் உலாவியான சஃபாரியில் கூகுள் தேடலை முன்னிருப்பாக வைப்பதற்கு அதே ஆப்பிளுக்கு 2022-இல் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்தது நீதிமன்றத்தில் வெளிவந்தது. அமெரிக்காவில் ஏகபோகக் குற்றச்சாட்டில், தேடல் வழக்கில் 2024 ஆகஸ்டிலும், விளம்பரத் தொழில்நுட்ப வழக்கில் 2025 ஏப்ரலிலும் தீர்ப்பு அதற்கு எதிராக வந்தது. குரோம் உலாவியை விற்கத் தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் நீதிபதி சொன்னது ஓர் ஆறுதல். இந்தியாவில் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 2022 அக்டோபரில் ரூ.1,337.76 கோடி அபராதம் போட்டது. 2024 மார்ச்சில் கட்டணத் தகராறில் சில இந்தியச் செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள். பாரத் மேட்ரிமோனியும் அதில் போய், அரசு தலையிட்ட பிறகு திரும்பி வந்தது. வரன் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் அந்தச் சில நாள் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பணத்தால் கூகுள் இளைக்கவில்லை. தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருமானம் 2024-இல் சுமார் 35,000 கோடி டாலர், அதில் முக்கால் பங்கு விளம்பரம். எத்தனை வழக்கையும் தாங்கும் கஜானா அது. ஆனால் பராமரிப்புக்குப் பணம் மட்டும் போதாது என்பது செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் பெரிய வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் நடக்கும் வளவும், விருந்தாளி உட்காரும் முகப்பும் வருடா வருடம் பளபளக்கும். பங்காளிகளில் யாருக்கும் காசுக்குக் குறைவில்லை. ஆனாலும் இரண்டாம் கட்டு தாண்டிய அறைகளில் ஓடு விலகி, தேக்கு உத்தரத்தில் கறையான் ஏறிய பிறகுதான் கண்ணில் படும். முதலில் பூட்டு விழுவது எப்போதும் பின்கட்டில்தான்.

கூகுளின் பின்கட்டுப் பூட்டுகளின் வரிசை நீளம். ரீடர் 2013, ஆர்குட் 2014, பிக்காசா 2016, கூகுள் பிளஸ் 2019, ஸ்டேடியா 2023. இணையப் பெயர் விற்கும் தொழிலை 2023-இல் ஸ்குவேர்ஸ்பேஸிடம் விற்றுவிட்டார்கள். சின்னக் கடைகளுக்கு இலவசமாகக் கொடுத்திருந்த இணையப் பக்கங்களை 2024 மார்ச்சில் மூடினார்கள். இந்தக் கடைசிப் பூட்டுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது, ஏனென்றால் அது நம்மைப் போன்ற கடைகளின் அறை.

நியாயமாகச் சொன்னால் வொர்க்ஸ்பேஸ் பின்கட்டு இல்லை. காசு கொடுக்கும் நிறுவனங்கள் ஏராளம், மூடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அது முகப்பும் இல்லை. முகப்பில் விளம்பரம் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் ஜெமினி.

ஜோஹோவும் கால் அகட்டாத பிள்ளை இல்லை. 1996-இல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கி 2009-இல் பெயர் மாற்றிய நிறுவனம் இன்று ஐம்பதுக்கும் மேல் செயலிகளை வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட், கூகுள், சேல்ஸ்ஃபோர்ஸ், டேலி என்று ஒவ்வொரு தெருவிலும் ஓர் எதிரி. போதாததற்கு உலா என்று ஓர் உலாவி, அரட்டை என்று வாட்ஸப்புக்குப் போட்டி. சிப் தயாரிக்கவும் திட்டம் போட்டு, தொழில்நுட்பத்தில் நம்பிக்கை வராமல் 2025-இல் நிறுத்தி வைத்தார்கள். அந்த நிறுத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் ஐயா ரங்கூன் கதை சொல்வார். 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. பெருமந்தத்தில் கடன் வாங்கியவர்கள் திருப்ப முடியாமல் போக, 1938-க்குள் அது இருபத்தைந்தானது. ஊரில் அதைப் பெருமையாகப் பேசியவர்களும் உண்டாம். ஆனால் வட்டிக்குச் சுழல வேண்டிய முதல் வயலில் போய் உட்கார்ந்துவிட்டது, 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது சுருட்டிக்கொண்டு வர முடியவில்லை. நிறுத்தத் தெரிந்தவர்களை ஐயாவுக்குப் பிடிக்கும். எனக்கும்.

ஜோஹோ பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம் இதுதான்: அவர்கள் சோறு சாப்பிடுவதே நம்மைப் போன்றவர்களின் மின்னஞ்சலிலும் பில்லிலும்தான். விளம்பர வருமானம் கிடையாது, பங்குச் சந்தையிலும் இல்லை. எத்தனை சண்டைக்குப் போனாலும் புக்ஸ் அவர்களுக்கு வளவு. அதை ஒழுக விட்டால் அவர்களே நனைவார்கள். ஒரு பில்லில் வரி தப்பாக விழுந்தபோது போன் செய்தேன். எடுத்தவர் தமிழில் பேசி, பத்து நிமிடத்தில் எந்தக் கட்டத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னார். தப்பு என்னுடையதுதான்.

நான் பார்த்தது எட்டு மாதம், ஒரே ஒரு தீபாவளி. பெரிய கோளாறு வந்தால் எப்படி நடந்துகொள்வார்கள் என்று எனக்கு அனுபவம் இல்லை. அதனால் மாதம் ஒருமுறை எல்லாக் கணக்கையும் இறக்கி பென் டிரைவில் போட்டு இரும்புப் பெட்டியில் வைக்கிறேன். ஆச்சி இன்னமும் பேரேடு எழுதுகிறார், நான் தடுக்கவில்லை.

கூகுளை முழுக்க விட்டுவிடவும் இல்லை. காரைக்குடியிலிருந்து வருகிற வெளியூர்க்காரர்கள் மேப்ஸைப் பார்த்துத்தான் கடை வாசலுக்கு வருகிறார்கள். அதற்கு மாற்று எனக்குத் தெரியவில்லை.

ஜோஹோவில் சேர்ந்த சூட்டோடு சூடாக ஆச்சி போனில் அரட்டையையும் ஏற்றிக் கொடுத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் நானும் அவர் மாப்பிள்ளையும் மட்டும். ஆர்டர் எல்லாம் வாட்ஸப்பில்தான் வருகிறது.