ஆறு நாளா, 1380 கோடி ஆண்டா: தொடக்கநூலை வாசிக்கும் இரு வழிகள்

மட்டக்களப்பில் உயர்தரத்துக்கு உயிரியல் படிக்கும் பிள்ளைகள், ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “சுவாமி, எதை நம்புறது?” விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல் சொல்லும் படைப்பின் ஆறு நாள்களை எழுத்துக்கு எழுத்து கொள்வது ஒரு வழி, படைத்தவர் யார் என்பதை மறைநூலிடமும், ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு வயதுடைய இந்தப் பிரபஞ்சம் எவ்வாறு உருவானது என்பதை விஞ்ஞானத்திடமும் கேட்பது மற்றது.

கற்பிக்கும் எளிமை: முதல் வழி இலகு. இரண்டாவதற்கு ஆசிரியரும் படிக்க வேண்டும்.

மறைநூலோடு பொருத்தம்: ஒளி முதல் நாளிலும் சூரியன் நான்காம் நாளிலும் தோன்றுவதால், அவற்றை இருபத்துநான்கு மணி நேர நாள்களாகக் கொள்பவர் அந்த வரிகளுக்குள்ளேயே இடறுகிறார். இரண்டாம் வழியில் அந்த இடறல் இல்லை. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதிய ஜோர்ஜ் லெமைத்ர் கத்தோலிக்கக் குரு என்றால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். தம் கோட்பாட்டை மறைநூலுக்குச் சான்றாக இழுப்பதை அவரே விரும்பவில்லை.

துயரில் தாங்கும் வலு: இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். 2004 டிசம்பர் 26இல் எங்கள் கடலோர நாவலடியைச் சுனாமி அலை வாரிச் சென்றபின், அது பாவத்தின் தண்டனை என்று கேட்க நேர்ந்த தாய்மார் உண்டு. முதல் வழி அவர்களுக்கு நோவாவின் வெள்ளத்தையே நினைவூட்டியது. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டுகள் நழுவியதே காரணம் என்ற விளக்கம் குற்றவுணர்வைத் தணித்தது. அழுகையைத் தணிக்கவில்லை, அதற்குச் செபமாலைதான் கைகொடுத்தது.

ஆகவே சிறுவர் வகுப்பில் ஆறு நாள்களைக் கதையாகவே சொல்கிறேன். உயர்தர மாணவருக்கும் இழவு வீட்டாருக்கும் இரண்டாம் வழியையே தெரிவு செய்கிறேன்.