"இந்திய மாணவர்களுக்குச் சிறப்புக் கல்விக் கடன்" என்று வருகிறவர்களிடம் கவனம்

மலேசியாவில் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்ததும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு போஸ்டர் சுற்றும்: "இந்திய மாணவர்களுக்குச் சிறப்புக் கல்விக் கடன். 30 இடங்கள் மட்டுமே." கிள்ளானில் என் அக்கா வீட்டுக்காரர் இதை நம்பித்தான் மாட்டினார். மகளின் டிப்ளோமா படிப்புக்கு என்று எடுத்த கடனை இப்போது இவர் தன் சம்பளத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வந்த ஆள் நன்றாக உடுத்தி, நல்ல தமிழில் பேசினார். "அண்ணே, மாரா கடன் பூமிபுத்ராவுக்கு மட்டும்தான். நமக்குன்னு இருக்கிறத நாமதான் கேட்டு வாங்கணும்" என்றார். மாரா, மலாய்க்காரர்களும் பூர்வகுடியினரும் அடங்கிய பூமிபுத்ராக்களுக்கான அரசு அமைப்பு. அவர் சொன்னது உண்மைதான் என்பதால் மச்சானுக்கு மற்றதிலும் சந்தேகம் வரவில்லை. மித்ரா (இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவு), எம்ஐஇடி (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியான ம.இ.கா.வின் கல்வி அமைப்பு) என்ற பெயர்களைப் பேச்சில் தாராளமாகத் தூவினார். அவர் கொடுத்த தாள்கள் எதிலும் அந்தப் பெயர்கள் கிடையாது.

பதிவுக் கட்டணம் என்று 600 ரிங்கிட் கேட்டார். அது போனது ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு. பிறகு மச்சானின் ஐசி (அடையாள அட்டை) நகல், சம்பளச் சிலிப், ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். படிக்கப்போகும் பிள்ளையிடம் சேர்க்கைக் கடிதத்தைக்கூடக் கேட்கவில்லை. கடைசியில் மலாய் மொழியில் ஒரு கட்டுத் தாள். "கேரண்டர் கையெழுத்து, அவ்வளவுதான்" என்று சொல்லி வாங்கினார். நகல் தரவில்லை.

மச்சானின் கணக்கில் 10,000 ரிங்கிட் விழுந்தது. அன்றே ஆள் வந்து, கல்லூரி முன்பணமும் சேவைக் கட்டணமும் என்று 2,500 ரிங்கிட்டை ரொக்கமாக வாங்கிப் போனார். ரசீது கேட்டதற்குக் கல்லூரியே அனுப்பும் என்றார். கல்லூரியில் விசாரித்தால் ஒரு காசுகூட வரவில்லை. அடுத்த மாதமே தவணை கேட்டுக் குறுஞ்செய்தி வந்தது. அப்போதுதான் போராடி ஒப்பந்த நகலை வாங்கிப் பார்த்தோம். மச்சான் கேரண்டர் இல்லை, அவர்தான் கடன்காரர். கொடுத்தது ஒரு வட்டிக்கடை. தாளில் கடன் தொகை 10,000, வீட்டில் தங்கியது 7,500. வங்கிப் பதிவில் முழுத் தொகையும் வந்ததாகத்தான் இருக்கும், அதற்காகத்தான் அந்த ரொக்கம்.

இத்தனைக்கும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய கடன் பிடிபிடிஎன், அதாவது அரசின் உயர்கல்விக் கடன் கழகம் தருவது. 1997-இல் தொடங்கிய அந்தக் கழகத்துக்கு இனம் ஒரு பொருட்டே இல்லை. மலேசியக் குடிமகனாக இருந்து, உயர்கல்விக்கூடத்தில் இடம் கிடைத்து, படிப்புக்கு எம்கியூஏ (கல்வித் தரத்தை மதிப்பிடும் அரசு அமைப்பு) அங்கீகாரம் இருந்தால் மாணவர் தன் பெயரிலேயே இணையத்தில் மனுச் செய்யலாம். எஸ்எஸ்பிஎன் என்ற பிடிபிடிஎன்னின் கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்று வேண்டும். ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா (வட்டிக்குப் பதிலான சேவைக் கட்டணம்), திருப்பிக் கட்டுவது படிப்பு முடிந்த பிறகு. இடையில் ஏஜெண்டுக்கு வேலையே இல்லை. பிறகு அக்கா மகளுக்கு நாங்களே மனுச் செய்தோம், கிடைத்தது. ஆனால் முதல் பருவக் கட்டணம் கையை விட்டுப் போய்விட்டது.

எம்ஐஇடி, 1984-இல் ம.இ.கா. தொடங்கியது, நிஜமாகவே கல்விக் கடன் தருகிறது. அது வேண்டுமென்றால் அவர்கள் அலுவலகத்திலேயே போய்க் கேளுங்கள். மித்ரா வழியாகப் பி40 (வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காட்டுக் குடும்பங்கள்) மாணவர்களுக்கு வந்ததெல்லாம் உதவித்தொகை, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. "மித்ரா லோன்" என்று சொல்லி யாராவது தவணைக் கணக்குப் போட்டுக் காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வட்டிக்கடை என்று தெரிந்தே கடன் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1951-ஆம் ஆண்டு வட்டிக்குப் பணம் கொடுப்போர் சட்டப்படி, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அடமானம் இருந்தால் 12. உரிமம் கொடுப்பது வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சு. ஒப்பந்த நகல் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். ஏடிஎம் அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்கிறவன் உரிமத்தைச் சுவரில் மாட்டியிருந்தாலும் வட்டி முதலைதான்.

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிட்டோம். கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீசின் "செமாக் மியூல்" தளத்தில் போட்டபோது ஏற்கெனவே புகார் இருந்தது தெரிந்தது. 600 ரிங்கிட் அனுப்புமுன் ஒரு நிமிடம் அதைப் பார்த்திருந்தால் போதும் என்று அக்கா இன்னும் புலம்புகிறார். பணம் அனுப்பி அதிக நேரம் ஆகவில்லை என்றால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், போகிற வழியிலேயே அதை முடக்க வாய்ப்பு உண்டு. பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்திலும் முறையிடலாம், மனுவுக்கு 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 600-க்கும் 2,500-க்கும் சேர்த்து அங்கே மனு போட்டிருக்கிறோம், விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.

அதே போஸ்டர் இப்போது பிறை, பட்டர்வொர்த் குழுக்களில் புது எண்ணோடு சுற்றுகிறது. அந்த ஆளிடம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது இருந்தால், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பணம் அனுப்பிய சீட்டோடு சேர்த்து உங்கள் ஊர் போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் கொடுங்கள். எங்கள் ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து வழக்கு நகராது என்று விசாரணை அதிகாரியே சொல்லிவிட்டார்.