வாட்டர்ஷெட் வேலை: ஐந்துக்கு மூன்றரை

பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தில் நீர்வடிப்பகுதி மேம்பாடு (மழைநீர் வடிந்து ஒரே ஓடையில் சேருகிற நிலப்பரப்பு முழுவதிலும் மண்ணையும் தண்ணீரையும் காக்கிற வேலை) என்று ஒரு பிரிவு இருக்கிறது, எங்கள் பக்கம் அதை எல்லாரும் ‘வாட்டர்ஷெட் வேலை’ என்றுதான் சொல்வார்கள். மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அரசாங்கம் செய்து தருவதில் இதைவிட உருப்படியானது ரொம்பக் குறைவு. ஆனாலும் எங்கள் ஊரில் நடந்ததைப் பார்த்து மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரைதான் கொடுப்பேன்.

மூன்றரையில் பெரும்பங்கு மேட்டிலிருந்து தொடங்குகிற முறைக்குத்தான். மழை முதலில் விழுகிற முகட்டில் சம உயர வரப்பும் (சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போடுகிற வரப்பு) அகழியும், சரிவில் கல் தடுப்பு, அப்புறம் ஓடையில் தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, வயலில் பண்ணைக்குட்டை என்று படிப்படியாக இறங்கி வரவேண்டும். இந்த வரிசையை விட்டுவிட்டு நேராகத் தடுப்பணையைக் கட்டினால் மேட்டு மண் பூராவும் வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஓடையில் ஒழுங்காகச் செய்த பகுதியில் தை கழிந்தும் கிணறுகளில் மோட்டார் ஓடுகிறது. பணமும் முன்புபோல் இல்லை, 2021-22ல் வந்த இரண்டாம் கட்டத்தில் சமவெளிக்கு எக்டேருக்கு 12,000 ரூபாயாக இருந்ததை 22,000 ஆக்கியிருக்கிறார்கள், மலைப்பகுதிக்கு 28,000.

சரி, ஒன்றரை எங்கே போனது? மேலே காடு வனத்துறைக்கு, நடுவில் ஓடை வேலை வேளாண்மைப் பொறியியல் துறைக்கு, கீழே ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 எக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. இத்தனை பேரும் ஒரே வரைபடத்தை வைத்து ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் வேலை நிலைத்து நிற்கும். எங்கள் தடுப்பணை ஒன்றில் பக்கச்சுவர் ஓரமாகக் கரையை அரித்துத் தண்ணீர் சுற்றிக்கொண்டு ஓடுகிறது, அணைக்குப் பின்னால் மணல் தளும்பி நிற்கிறது, போய்ச் சொன்னால் திட்டக்காலம் முடிந்துவிட்டது என்று பதில். நாலு லோடு கல்லும் இரண்டு நாள் ஆளும் போட்டால் சரியாகிற விஷயம் இது, நினைத்தாலே வயிறு எரிகிறது.

மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் கிராமத்தில் மழைமானி வைத்து அளந்து, வருடா வருடம் கிராமசபையில் தண்ணீர்க் கணக்குப் போட்டு, அதைப் பார்த்துத்தான் என்ன பயிர் வைக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். கரும்பு, வாழை கிடையாது, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறும் கிடையாது. அதை நடத்திக் காட்டிய பொபட்ராவ் பவாருக்கு 2020ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் ஊர்களிலும் நீர்வடிப்பகுதிக் குழு இருக்கிறதே, மாதம் ஒருமுறை கிணற்று மட்டத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே அடுத்த வருடம் எங்கே குட்டை வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்துவிடும்.

உங்கள் ஊருக்கு இது வருகிறது என்றால் குழுக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். மேட்டு வேலை எப்போது முடியும், பயனாளிகள் பங்குத்தொகை சேரும் பராமரிப்பு நிதிக்கு யார் கையெழுத்து என்பதை முதல் கூட்டத்திலேயே கேட்டுத் தீர்மானத்தில் ஏற்றிவிடுங்கள். ஏரி, குளத்து வண்டலை வயலுக்கு அள்ள 2024 முதல் வட்டாட்சியர் அனுமதியே போதும், கோடையிலேயே மனுப் போட்டு வையுங்கள்.