உசிக் – ஃப்யூரி முதல் சண்டை: கொடுத்த காசுக்குப் பழுதில்லை

2024 மே 18 அன்று ரியாத்தில் நடந்த ஒலெக்சாண்டர் உசிக் – டைசன் ஃப்யூரி குத்துச்சண்டையைப் பார்க்கத் தனியாகக் காசு கட்ட வேண்டியிருந்தது. மாதச் சந்தா ஒரு பக்கம், இது ஒரு பக்கம். செயலியின் பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். முக்கியச் சண்டைக்கு முன்னால் மற்ற சண்டைகளை இழுஇழு என்று இழுத்தார்கள். நம்ம ஊரில் விடியற்காலை ஆகிவிட்டது. இருவரும் வளையத்துக்கு வரும் நேரம் பார்த்துப் படம் உறைந்து நின்று, பிறகு நகர்ந்தது. இதற்கெல்லாம் மதிப்பெண் குறைக்கிறேன். சண்டைக்கு மட்டும் குறைக்க மனமில்லை.

நான் கல்லூரி நாளில் எடை குறைந்த பிரிவில் ஆடியவன். பயிற்சியில் பத்துப் பன்னிரண்டு கிலோ கூடுதலான ஆளோடு ஏற்றிவிடுவார்கள். அவன் குத்து வலிக்கும், அது போகட்டும். கட்டிப்பிடிக்கும்போது கழுத்தின் மேல் சாய்ந்துவிடுவான் பாருங்கள், அதற்குப் பிறகு தோளுக்கு மேல் கை எழாது. ஃப்யூரி இதில் கைதேர்ந்தவர். உயரம் 206 செ.மீ., அன்றைய எடை 262 பவுண்டு, அதாவது 119 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உசிக் 191 செ.மீ., 101 கிலோ சொச்சம். ஹெவிவெயிட் என்னும் உச்ச எடைப் பிரிவுக்கு மேல்வரம்பு கிடையாது என்பதால் இந்த 17 கிலோ வித்தியாசத்தை எந்த விதியும் தடுக்காது. உசிக் 2018-இல் 200 பவுண்டு வரம்புள்ள கீழ்ப் பிரிவான க்ரூசர்வெயிட்டில் நான்கு பெல்ட்டும், அதாவது நான்கு அமைப்புகளின் சாம்பியன் பட்டமும், வைத்திருந்தவர்.

சின்ன ஆள் ஓடிக்கொண்டே இருந்து புள்ளி சேர்ப்பான் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால், முதல் மணியிலிருந்தே முன்னால் போனது உசிக். பின்வாங்கியது ஃப்யூரி. மறுஒளிபரப்பில் ஒலியை அணைத்துவிட்டு உசிக்கின் வலது காலை மட்டும் பாருங்கள். இடக்கை ஆட்டக்காரரான அவர் அந்தக் காலை ஃப்யூரியின் இடது காலுக்கு வெளியே வைக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அது அமைந்தால் இடது கை நேராக உள்ளே போகும், எதிராளியின் வலது கை சுற்றிக்கொண்டு வர வேண்டும். நடுநடுவே வயிற்றைப் பார்த்து ஜாப் என்ற நேர்க்குத்து. தலை எட்டாத உயரத்தில் இருக்கிறது, வயிறு எட்டும், அவ்வளவுதான் கணக்கு.

நாலாவது ரவுண்டிலிருந்து கொஞ்ச நேரம் ஆட்டம் ஃப்யூரி கைக்குப் போனது. கீழிருந்து மேலே வரும் அப்பர்கட்டுகள் வயிற்றிலும் தாடையிலும் இறங்கின. ஆறாவதில் உசிக் தள்ளாடினார். சரி, உருவம் ஜெயித்துவிட்டது என்றுதான் எனக்கும் பட்டது. எட்டாவதில் ஃப்யூரியின் மூக்கில் ரத்தம். ஒன்பதாவதில் ஒரு இடது கை விழுந்ததும் அந்தப் பெரிய உடம்பு ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குத் தள்ளாடிப் போனது. கயிறு தாங்கியிராவிட்டால் தரையில்தான் என்று முடிவு செய்து நடுவர் மார்க் நெல்சன் எண்ணத் தொடங்கினார். அதற்குள் மணி அடித்துவிட்டது. புள்ளி போடும் மூன்று நடுவர்களில் 115-112, 114-113 என்று இருவர் உசிக் பக்கம், 114-113 என்று ஒருவர் ஃப்யூரி பக்கம். நடுவர் எண்ணினால் அந்த ரவுண்டில் ஒரு புள்ளி கூடுதலாகப் போகும்; ஒன்பதாவதில் அந்த எண்ணிக்கை மட்டும் இல்லாவிட்டால் சண்டை சமனில் முடிந்திருக்கும், கூட்டிப் பாருங்கள். 1999-இல் லெனாக்ஸ் லூயிஸ் எல்லாப் பெல்ட்டையும் ஒன்று சேர்த்த பிறகு அப்படி ஒரு ஹெவிவெயிட் சாம்பியன் வந்தது அன்றுதான்.

சின்ன ஆள் பெரிய ஆளோடு மோதிய பழைய சண்டைகளோடு வைத்துப் பார்த்தால் இதன் அருமை இன்னும் தெரியும். 1941-இல் பில்லி கான், ஜோ லூயிஸுக்கு எதிராக 12 ரவுண்டு முடிந்தபோது புள்ளி போட்ட மூன்று பேரில் இரண்டு பேர் கணக்கில் முன்னால் இருந்தார். 13-ஆவதில் அடித்து வீழ்த்தப் போய், அந்த ரவுண்டு முடிய இரண்டு விநாடி இருக்கும்போது தானே வீழ்ந்தார். 1985-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸ் கீழ்ப் பிரிவிலிருந்து 200 பவுண்டுக்கு உடம்பை ஏற்றிக்கொண்டு வந்து, 48 சண்டை தோற்காத லாரி ஹோம்ஸைப் புள்ளிக் கணக்கில் தோற்கடித்தார். பெரிய சாதனைதான், ஆனால் பார்க்க அழகில்லை. 2003-இல் ராய் ஜோன்ஸ் – ஜான் ரூயிஸ் சண்டையை நிறையப் பேர் கொண்டாடுவார்கள். அவரும் கீழ்ப் பிரிவிலிருந்து வந்து ஜெயித்த ஜோன்ஸ் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் மெதுவான ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு ஏறினார் என்பது என் கட்சி. ஏற்றிய சதையைக் கரைத்துப் பழைய எடைக்குத் திரும்பியவரை, அடுத்த வருஷமே அன்டோனியோ டார்வர் இரண்டாவது ரவுண்டில் சாய்த்தார். உசிக் தேர்ந்தெடுத்ததோ, அந்தப் பிரிவிலேயே உயரமும் எடையும் சாமர்த்தியமும் ஒன்றாக அமைந்த ஆளை.

2024 டிசம்பர் 21 அன்று நடந்த உசிக் – ஃப்யூரி மறுசண்டையும் அதே செயலியில் கிடைக்கும். ஃப்யூரி 281 பவுண்டில் வந்தார், மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள். எடை கூட்டியதால் ஃப்யூரிக்கு ஒரு லாபமும் தெரியவில்லை. அது சந்தாவிலேயே வந்தால் பாருங்கள், தனியாகக் காசு கேட்டால் விட்டுவிடலாம். முதல் சண்டைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஒன்பதாவது ரவுண்டுக்கு நேராகத் தாவாதீர்கள், நாலு முதல் ஏழு வரை உசிக் வாங்கிய அடியைப் பார்க்காமல் அந்த இடது கை புரியாது.